எட்டாத இரண்டரை அங்குலம்

அன்புள்ள அருளுக்கு,

எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அதன் தலையில் சேசு மரி சூசை என்று எழுதிவிட்டுத்தான் நான் அடுத்த வரிக்குப் போவேன். மளிகைச் சீட்டில்கூட எழுதுகிறேன் என்று நீயும் உன் தங்கை ரீட்டாவும் கேலி செய்வீர்கள். இந்தக் காகிதத்தில் எழுதவில்லை. எழுதப் போகிற விஷயத்துக்கு அவர்களைத் துணைக்குக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது. நடுவில் படித்துவிட்டுப் பதறாதே, என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை இருக்கிறது, முட்டி வலிக்கிறது, இந்த வயதில் யாருக்குத்தான் இல்லை. இது வேறு. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

போன வாரம் நீ உன் மகனைப் பற்றிப் போனில் பேசினாய். "அம்மா, எனக்கு அப்பா செஞ்ச மாதிரியே ஆல்வினுக்கும் ஒரு காட்டு வண்டி செய்யப் போறேன். வூட்டுக்குப் பின்னால காலி மண்ணு நெறைய இருக்குது. அந்த அளவு நோட்டு பத்திரமா இருக்குதா? நீ கோடு போட்ட இரும்பு ஸ்கேலு இருந்தா அதையும் ரீட்டாகிட்ட குடுத்து அனுப்பு. அதுலயே அளந்து செய்யணும்னு ஆசையா இருக்குது" என்றாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ ஒரு ஸ்பேனரைத் தொட்டே எத்தனை வருடமாகிறது. அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "பிரேக்கு போட நானே அவனுக்கு நல்லா சொல்லிக் குடுத்துருவேம்மா. என்னய மாதிரி பயந்து நிக்கக் கூடாதுல்ல" என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை.

அந்த வண்டி வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா ஜங்ஷன் ரோட்டில் மொபெட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். எவரோ விட்டுவிட்டுப் போன பழைய மொபெட்டு ஒன்று கடை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கழற்றிப் பார்த்தால் இஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது. உனக்கு ஆறரை வயது, ரீட்டாவுக்கு நான்கு. சைக்கிள் வேண்டும் என்று நீ அழுதுகொண்டிருந்தாய். "சைக்கிளு என்னாடா சைக்கிளு, மண்ணுலயும் மேட்டுலயும் ஓடுற மாதிரி நாலு சக்கர வண்டியே செஞ்சி தரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். உன் அப்பா வாக்குக் கொடுத்தால் சோறு தண்ணி மறந்துவிடுவார். பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் இரண்டு சின்னது, மணலில் புதையாமல் இருக்கக் காற்றைக் குறைத்த டயர், கவிழ்ந்தால் தலையில் அடிபடாமல் இருக்க மேலே வளைத்த பைப்பு, கால் அறுத்த பிளாஸ்டிக் நாற்காலி, உன் பழைய ஸ்கூல் பையின் வாரில் பெல்ட். வேகம் போகக்கூடாது என்று ஆக்ஸிலேட்டர் கம்பியைப் பாதியில் கட்டிப் போட்டார். குழந்தைகள் வண்டி என்று ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்தார். அதை இன்றைக்கும் சொல்வேன், அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை.

அளவு மட்டும் என் வேலை. செராமிக் கம்பெனியில் நான் அச்சுப் பிரிவில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கும் இன்சுலேட்டருக்கும் பிளாஸ்டரில் அச்சு செய்கிற வேலை. எங்கள் பிரிவில் என் அளவு தப்பாது என்று ஒரு பேர் இருந்தது. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்று வைத்துக்கொள். "உன் பொண்டாட்டிகிட்ட அளக்கச் சொல்லுப்பா" என்று மேஸ்திரியே உன் அப்பாவிடம் சொல்வார். அதனால் வண்டிப் பைப்புகளை வெட்டுவதற்கு முன் கோடு போட நானே உட்கார்ந்தேன். வீட்டில் துணி தைக்கிற டேப்பால் உன் காலை அளந்தேன். இடுப்பிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் இருபத்து மூன்று அங்குலம். "முட்டி கொஞ்சம் மடங்கணும், ஒண்ணு கொறச்சிக்க" என்றார் உன் அப்பா. இருபத்திரண்டு என்று நோட்டில் எழுதினேன். டேப்பு பைப்பில் வளைந்து வளைந்து போகிறது என்று கம்பெனியிலிருந்து என் இரண்டடி இரும்பு ஸ்கேலைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். உட்காருகிற இடத்திலிருந்து பிரேக் மிதிக்கிற இடம் வரைக்கும் அந்த ஸ்கேலில் இருபத்திரண்டு பார்த்துக் கோடு போட்டேன். எல்லாப் பைப்புக்கும் அதே ஸ்கேல்தான்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். பெரிதாகச் செய்தால்தான் வெந்து வரும்போது சரியான அளவில் நிற்கும். அதற்காக எங்களுக்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு. சுருக்க ஸ்கேல் என்போம். பார்க்கச் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும், ஒன்று இரண்டு என்று எண்ணும் போட்டிருக்கும், ஆனால் அதில் ஒவ்வொரு அங்குலமும் நிஜ அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளம். என் மேசையில் நல்ல ஸ்கேல் ஒன்றும் சுருக்க ஸ்கேல் இரண்டு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். தினமும் எட்டு மணி நேரம் என் கை தொடுவது சுருக்க ஸ்கேலைத்தான். அன்றைக்கும் கை அதைத்தான் எடுத்தது. வேறு எந்த ஊர் அம்மாவும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள்.

மற்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எல்லாப் பைப்பையும் அதே ஸ்கேலில் அளந்ததால் ஒன்றோடு ஒன்று அழகாகப் பொருந்தியது. உன்னை உட்கார வைத்தபோது வண்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. "வளர்ற புள்ள, பெருசா இருந்தாதான் ரெண்டு வருஷம் வரும்" என்று நானே சொன்னேன். நாம் யூனிஃபார்ம் எடுத்தாலும் செருப்பு வாங்கினாலும் அப்படித்தானே. உன் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்தேன். கால் எட்டியது. மணிமுத்தாற்று மணலிலும் முந்திரித் தோப்பிலும் ஒரு மாதம் ஓட்டினாய். மணலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தாலே வண்டி நின்றுவிடும், பிரேக்குக்கே வேலையில்லை. உடம்பெல்லாம் செம்மண்ணோடு வந்து நிற்பாய். உன் அப்பா உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் வண்டி ஏறுகிறதா பார்க்கலாம் என்று உன் அப்பா கிளப்பினார். லீவு நாள், ஆள் நடமாட்டம் இல்லை. நீ இரண்டு தரம் ஏறி இறங்கினாய். ரீட்டா நானும் ஏறுவேன் என்று தரையில் புரண்டாள். நாற்காலியில் உன் பக்கத்தில் அவளை இடுக்கி உட்கார வைத்தேன். அவளுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று சிணுங்கினாள். உன் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையை உருவி அவளுக்கு அடியில் வைத்தது நான்தான். இரண்டு பேரையும் சேர்த்து பெல்ட்டை இறுக்கியதும் நான்தான். "கெட்டியா புடிச்சிக்கடி" என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு நகர்ந்தேன்.

மேட்டின் அந்தப் பக்கம் இறக்கம். இறக்கத்தின் அடியில் உடைசல் குவியல், சூளையில் வெடித்துப்போன பீங்கானையெல்லாம் கொட்டி வைக்கிற இடம். வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. "பிரேக்கப் போடுறா, பிரேக்கப் போடுறா" என்று உன் அப்பா கத்திக்கொண்டே ஓடினார். நீ காலை நீட்டினதை நான் பார்த்தேன். நாற்காலியின் நுனிக்கு வழுக்கி வரப் பார்த்தாய், பெல்ட் உன்னைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தது. வண்டி குவியலில் ஏறிச் சாய்ந்தது. ரீட்டாவின் கால் வெளியே தொங்கியிருந்தது. குதிகாலுக்கு மேலே அறுத்த பீங்கான் எலும்புவரைக்கும் போய்விட்டது. உனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அந்தச் சிராய்ப்போடு தப்பித்ததுகூட உன் குற்றமாகிப் போனது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உன் அப்பா உன்னை அறைந்தார். "பிரேக்கப் போடத் தெரியாதா ஒனக்கு? மரம் மாதிரி ஒக்காந்திருந்தியே" என்றார். நீ அழவில்லை. "எட்டலப்பா" என்றாய். "பொய் சொல்லாத. ஒரு மாசமா எட்டுனது இன்னைக்கு எட்டலியா?" என்று இன்னொரு அறை. நீ என்னைப் பார்த்தாய். "எட்டலம்மா" என்றாய். நான் ரீட்டாவின் ரத்தம் பட்ட சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது, அது சத்தியம். ஆனால் தலையணை ஞாபகம் வந்தது. வந்தும் வாயைத் திறக்கவில்லை.

தெரிந்தது பத்து நாள் கழித்து. ரீட்டாவுக்கு நரம்பைத் தைத்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு வேலைக்குப் போனேன். இத்தனை நாளும் வீட்டிலேயே கிடந்த ஸ்கேலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "சுருக்க ஸ்கேலையா வூட்டுக்கு எடுத்துட்டுப் போன? அத வெச்சி அங்க என்னாத்தம்மா அளந்த?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். என் காதில் சூளைச் சத்தம்கூட விழவில்லை. மத்தியானம் வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்கு வந்து, கொல்லையில் கவிழ்ந்து கிடந்த வண்டியைத் துணி டேப்பால் அளந்தேன். உட்காருகிற இடத்திலிருந்து பிரேக் வரைக்கும் இருபத்து நாலரை. மூன்று தரம் அளந்தேன். நீ முழங்காலைத் துளியும் மடக்காமல் நீட்டினால்கூட உன் கால் இருபத்து மூன்றுதான். தலையணை இல்லாமல் அந்த பிரேக் உனக்கு எட்டவே எட்டாது.

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பா கடையிலிருந்து வந்தார், ரீட்டாவின் கட்டைப் பார்த்தார், வண்டியைத் தூக்கிப்போய்த் துண்டு துண்டாக அறுத்தார். அந்தக் கோபத்தின் முன்னால் போய் நின்று, தப்பு என் அளவில் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அளவு தப்பாதவள் என்ற பேர் போய்விடும் என்ற நினைப்பும் இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளை, நாலு நாளில் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைகள் மறப்பார்கள் என்பது பெரியவர்கள் தங்கள் வசதிக்குச் சொல்லிக்கொள்வது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் பழியை ஆறரை வயதுப் பிள்ளை தலையில் வைத்துவிட்டு, பாவத்தை வைத்துக்கொண்டு நான் சோறு ஆக்கினேன்.

நீ மறக்கவில்லை, மாற்றிக்கொண்டாய். இரண்டு வருடம் கழித்து, முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை உனக்கு. செய்த பாவத்தைப் பங்குச் சாமியிடம் சொல்கிற முதல் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோவிலில் வரிசையில் நின்றாய், உனக்குப் பின்னால் நான். நீ முழங்கால் போட்டுவிட்டு வெளியே வந்து, "தங்கச்சி கால ஒடச்சத சாமிகிட்ட சொல்லிட்டேம்மா. பயந்துபோயி பிரேக்கு போடாம வுட்டுட்டேன்னு சொன்னேன்" என்று என் காதில் சொன்னாய். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. எட்டவில்லை என்று சொன்ன பிள்ளை பயந்துவிட்டேன் என்று சொல்ல எப்போது கற்றுக்கொண்டாய்? நாங்கள் சொல்லிச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தோம். உன் சித்தப்பா, அக்கம்பக்கம், உன் அப்பா, எல்லாரும் பயந்தாங்கொள்ளி என்றார்கள், நீயும் நம்பிவிட்டாய். உனக்கு அடுத்து நான் போய் சாமியிடம் முழங்கால் போட்டேன். கோபப்பட்டேன், மாமியாரைப் பற்றிப் புறம் பேசினேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் பாவத்தை எட்டு வயதுப் பிள்ளை அறிக்கை செய்துவிட்டுப் போக, நான் உப்புச்சப்பில்லாத இரண்டு பாவத்தைச் சொல்லி ஆசீர் வாங்கினேன். பல வருடம் கழித்து வேறொரு சாமியிடம் உண்மையைச் சொன்னேன். "எங்கிட்ட சொன்னது சரிம்மா. புள்ளகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்த சாமியிடம் போகவில்லை.

அதற்கப்புறம் நீ எந்த வண்டியையும் தொடவில்லை. உன் அப்பா கடைப் பக்கமே உன்னைச் சேர்க்கவில்லை, நீயும் கேட்கவில்லை. பெரியவனான பிறகும் ஓசூரில் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாய், உன் பெண்டாட்டி ஸ்கூட்டர் ஓட்ட, நீ பின்னால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாய். கல்யாண வீடுகளில் உன்னைக் கேலி பேசுவார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போவது போல எழுந்து போய்விடுவேன். அப்பா செத்தபோது பெட்டியை மூடுவதற்கு முன் நீ குனிந்து அவர் காதருகே, "மன்னிச்சிருங்கப்பா" என்று சொன்னாயே, நான் இந்தப் பக்கம் மெழுகுவத்தியோடு நின்றிருந்தேன், எனக்குக் கேட்டது. அவரும் உன்னை மன்னிக்கப்பட வேண்டியவனாகவே நினைத்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது என் ஸ்கேல். அப்போதாவது சொல்லியிருந்தால் செத்தவர் காதிலாவது விழுந்திருக்கும். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், அருள். சோறு ஆறிப் போயும் கிளறவில்லை.

நேற்று ரீட்டாவிடம் சொன்னேன். அவள் காலுக்காக என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "எங் கால் கெடக்கட்டும், அது பழகிடுச்சி. அண்ணன் என் மொகத்தப் பாத்து எத்தன வருஷமாச்சி தெரியுமா? நான் நொண்டி நடந்தா தலைய கீழ போட்டுக்குவாரு. எனக்கு அண்ணனே இல்லாம பண்ணிட்டியேம்மா" என்றாள். போனில் உன்னிடம் இப்பவே சொல்லிவிடுகிறேன் என்று நான் போனை எடுத்தபோது பிடுங்கிக்கொண்டாள். "போன்ல சொன்னா நீ அழுவ. நீ அழுதா அவரு ஒன்னயத் தேத்த ஆரம்பிச்சிடுவாரு. இந்தத் தடவையாவது அவரு அழட்டும். எழுதிக் குடு" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். அவள் உன் அம்மாவைவிடப் புத்திசாலி.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அளவு சரிபார்க்கிற வேலையில் இருக்கிறவன் நீ. ஸ்கேல் உன் கைக்கு வந்த ஐந்தாவது நிமிடம் உனக்கே தெரிந்துவிடும். நீ அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருப்பேனா? தெரியவில்லை. எழுதியிருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என்னைப் பெரிய மனுஷியாக நினைத்துவிடாதே.

ரீட்டா சனிக்கிழமை காலையில் கிளம்பி, வேப்பூர் போய் சேலம் பஸ் பிடித்து, அங்கிருந்து உன் வீட்டுக்கு வருகிறாள். நோட்டையும் ஸ்கேலையும் கொடுத்தனுப்புகிறேன். நான் வேலையை விட்டு நின்ற அன்றைக்கு மேஸ்திரி ஞாபகமாக வைத்துக்கொள் என்று கொடுத்த அதே ஸ்கேல்தான். கூடவே உன் காலை அளந்த அந்தத் துணி டேப்பும் இருக்கிறது. நோட்டில் இருக்கிற எண்கள் சரியானவை, ஸ்கேல்தான் அப்படிப்பட்டது. ஒரு மேசையில் ஸ்கேலையும் டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலில் இருபத்திரண்டு எங்கே இருக்கிறது, டேப்பில் எங்கே இருக்கிறது என்று பார். நடுவில் இரண்டரை அங்குலம் இருக்கும். நீ இத்தனை வருடம் சுமந்தது அவ்வளவுதான். அது என்னுடையது, எனக்கே திருப்பிக் கொடுத்துவிடு. மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காக நீ போன் செய்ய வேண்டாம். கோபம் வந்தால் வரட்டும். எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் கேட்கமாட்டேன், அந்த உரிமை எனக்கு இல்லை.

வண்டியை மட்டும் செய்யாமல் விட்டுவிடாதே. மேலே பைப்பு வளைத்து வை, ஒருவர் மட்டும் உட்காருகிற மாதிரி செய், இஞ்சினை அணைக்கிற கயிறு ஒன்று பெரியவர் கையில் இருக்கட்டும். ஆல்வினுடைய காலை நோட்டில் பார்க்காதே, நோட்டில் இருப்பது உன் கால். வெல்டு வைப்பதற்கு முன்னால் அவனை உட்கார வைத்து, காலை நீட்டச் சொல்லி, எட்டுதாடா என்று கேள். பெரிதாக இருந்தால் வளர்கிற பிள்ளை என்று சொல்லித் தலையணை வைக்காதே, பைப்பை அறு. அவன் எட்டலப்பா என்று சொன்னால், உடனே குனிந்து பார்.

அன்றைக்கு நீ என்னைப் பார்த்துச் சொன்னபோது நான் குனிந்து பார்க்கவில்லை, அருள். நீ பயப்படவில்லை. உனக்கு எட்டவில்லை.

உன் அம்மா